கப்பல்களை அழித்த பிறகு

ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக் வரைந்த ‘கடலோரத் துறவி’ ஓவியத்தை ஃபோனில் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் சின்னதாக நிற்கும் துறவியை விரல்நுனியால் மூடுங்கள். மிச்சமிருப்பது மூன்று பட்டைகள்: கீழே வெளிறிய மணல், அதற்கு மேல் கறுப்பென்றே சொல்லிவிடக்கூடிய கடல், பிறகு மேல்விளிம்புவரை வானம். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் மனதில் பெரிதாக ஒன்றும் நடக்காது. இப்போது விரலை எடுங்கள். ஆள் திரும்பி வந்த அந்த நொடியிலேயே வானத்துக்கு ஓர் அளவு வந்துவிடுகிறது, கடல் குளிர ஆரம்பிக்கிறது, பார்க்கிற நமக்கும் லேசாக ஏதோ செய்கிறது.

நேரில் இது பெரிய படம். 110 செ.மீ. உயரம், 171.5 செ.மீ. அகலம், கான்வாஸில் எண்ணெய் வண்ணம். 1808க்கும் 1810க்கும் இடையே ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் வரையப்பட்டது, இன்று பெர்லினில் ஆல்டே நேஷனல்கேலரியில் தொங்குகிறது. அவ்வளவு பெரிய பரப்பில் துறவி ஒரு சாண்கூட வரமாட்டார். முக்கால் பங்குக்கும் மேல் வானம்தான்.

இந்தப் படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முதலில் வரும் கேள்வி, ‘இதெல்லாம் எதைக் குறிக்கிறது?’ பதிலும் தயாராக இருக்கும். கடல் என்றால் மரணம், வானம் என்றால் கடவுள், பறவை என்றால் ஆன்மா, துறவி என்றால் மனிதன். ஒரு குட்டி அகராதி. இது தப்பு என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் இப்படி ஓர் அகராதியை ஃப்ரீட்ரிக்கே தன் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறார், ஆனால் வேறொரு படத்துக்கு.

அந்தக் கதை இது. 1808 கிறிஸ்துமஸ் சமயத்தில் தன் வீட்டு ஓவியக்கூடத்தை மக்களுக்குத் திறந்துவிட்டு, அறையை இருட்டாக்கி, ஒரு படத்தைப் பலிபீடம்போல நிறுத்தி வைத்தார். மலைமுகட்டில் ஃபிர் மரங்களுக்கு நடுவே ஒரு சிலுவை, பின்னால் மறையும் சூரியனின் கதிர்கள். ‘டெட்ஷென் பலிபீடம்’ என்று இப்போது அதைச் சொல்கிறார்கள். மறுவருடம் ஜனவரியிலேயே ராம்டோர் என்ற விமர்சகர் நீளமான கட்டுரை எழுதிக் கிழித்தார். இயற்கைக்காட்சி ஓவியம் கோயிலுக்குள் நைசாக நுழைந்து பலிபீடத்தின்மேல் ஏறி உட்காரப் பார்க்கிறது, இதென்ன அதிகப்பிரசங்கித்தனம் என்பதுதான் அவர் கோபத்தின் சாரம். அதற்குப் பதிலாகத்தான் ஃப்ரீட்ரிக் விளக்கம் கொடுத்தார். பாறை அசைக்க முடியாத விசுவாசம், என்றும் பச்சையாக இருக்கும் மரங்கள் மனிதரின் நம்பிக்கை, மறைகிற சூரியன் கடவுள் நேரடியாக மண்ணில் நடமாடிய பழைய உலகம் முடிந்துபோனதன் அடையாளம். எல்லாம் வரிசையாக, ஒன்றுக்கு ஒன்று. பாவம், நெருக்கடியில் எழுதிய விளக்கம் என்று எனக்குத் தோன்றும். விமர்சகர் கேட்ட கேள்விக்கு அவர் மொழியிலேயே பதில் சொல்லியாக வேண்டிய நிலை.

அந்தச் சண்டை நடந்த அதே மாதங்களில்தான் கூடத்தில் ‘கடலோரத் துறவி’ வளர்ந்துகொண்டிருந்தது. அங்கே அவர் செய்த வேலை இதற்கு நேர் எதிரானது. பொருள்களைச் சேர்த்துக்கொண்டே போய் அர்த்தம் கட்டாமல், இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போனார்.

இது ஊகம் இல்லை. அகச்சிவப்புக் கதிரில் படத்தைப் பரிசோதித்தபோது, இப்போது வெறுமையாக இருக்கும் கடலில் பாய்மரக் கப்பல்கள் தெரிந்தன. துறவிக்கு இரண்டு பக்கமும், பாய்மரக் கம்பம் தொடுவானத்தைத் தாண்டி மேலே போகிற அளவுக்குப் பெரிய கப்பல்கள். கடற்கரைச் சித்திரம் வரைகிற எவரும் வைக்கும் பொருள்தான் கப்பல். நெதர்லாந்து ஓவியர்கள் அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் கடலை வரைந்த விதமே அப்படித்தான், கடல் என்றால் கப்பல், கப்பல் என்றால் வியாபாரம், போர், புயல், ஏதோ ஒரு கதை. குறியீடாக எடுத்தாலும் வாழ்க்கைப் பயணம் என்று எவருக்கும் புரியும். ஃப்ரீட்ரிக்கே வேறு பல படங்களில் கப்பல்களை அந்த அர்த்தத்தில் தாராளமாக வைத்திருக்கிறார். இந்தப் படத்தில் மட்டும் வைத்துப் பார்த்து, வேண்டாம் என்று பூசி மறைத்துவிட்டார். கப்பல் இருந்திருந்தால் துறவிக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும்: யாரையோ வழியனுப்புகிறார், யாருக்காகவோ காத்திருக்கிறார். நமக்கும் கண்ணை வைக்க ஓர் இடம் கிடைத்திருக்கும். இரண்டையும் சேர்த்து அழித்திருக்கிறார்.

படம் முடியும் முன்பே கூடத்தில் அதைப் பார்த்த ஒரு பெண்ணின் கடிதம் இருக்கிறது. மேரி ஹெலன் ஃபான் க்யூகெல்கென், ஃப்ரீட்ரிக்கின் நண்பரான ஓவியர் கெர்ஹார்ட் ஃபான் க்யூகெல்கெனின் மனைவி. 1809 ஜூனில் தோழிக்கு எழுதுகிறார். முடிவில்லாத காற்றுவெளி, கீழே அமைதியில்லாத கடல், முன்னால் ஒரு துண்டு மணல், அதில் கறுப்பு உடுத்திய ஒரு துறவி. சூரியன் இல்லை, நிலா இல்லை, இடி மின்னல்கூட இல்லை. புயல் அடித்திருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும், எங்கேயோ ஓர் உயிர், ஓர் அசைவு தெரிந்திருக்குமே என்கிறார். கடலில் படகு இல்லை, கப்பல் இல்லை, ஒரு கடல் பூதம்கூட இல்லை, மணலில் ஒரு புல் இல்லை, கடற்பறவைகள் வேறு பறந்து தனிமையை இன்னும் தனிமையாக்குகின்றன என்று புலம்புகிறார். அவருக்குப் படம் பிடிக்கவில்லை என்பது வெளிப்படை. ஆனால் இந்தப் படத்தைப் பற்றி எழுதப்பட்டதில் இதைவிடக் கூர்மையான பார்வை குறைவு என்று நினைக்கிறேன். இல்லாதவற்றைப் பட்டியல் போட்டுத்தான் அவரால் படத்தைச் சொல்ல முடிந்தது. அதுதான் சரியான வழியும்கூட. அழிக்கப்பட்ட கப்பல்களைப் பற்றி அவர் அறிந்திருக்கத் தேவையே இல்லை, அவை இல்லாத இடத்தை அவர் கண் தானாகவே தேடிப் போயிருக்கிறது.

இதற்கு அரை நூற்றாண்டு முன்னால், 1757இல், எட்மண்ட் பர்க் என்ற சிந்தனையாளர் மனிதரை மிரள வைக்கும் பேருணர்வைப் பற்றி எழுதினார். அழகு வேறு, இது வேறு என்று பிரித்துவிட்டு, இல்லாமை எல்லாமே பயங்கரமானது, அதனாலேயே பெரியது என்றார். அவர் கொடுத்த உதாரணங்கள் நான்கு: வெறுமை, இருட்டு, தனிமை, மௌனம். இந்தப் படத்துக்கு முன்னால் நின்று யாரோ குறிப்பெடுத்தது போலவே இருக்கும். உணர்ச்சிக்கும் கற்பனைக்கும் முதலிடம் கொடுத்த அந்தக் காலத்து ரொமான்டிக் ஓவியம் என்றதும் நமக்குக் கொந்தளிப்பு ஞாபகம் வரும். டர்னரின் புயல்கள், ஜான் மார்ட்டினின் இடிந்து விழும் மலைகள், ஃப்யூஸெலியின் பெண்ணின் மார்பில் ஏறி உட்கார்ந்திருக்கும் கொடுங்கனவுப் பூதம். அவர்கள் கூட்டிக் கூட்டி மிரட்டினார்கள். ஃப்ரீட்ரிக் கழித்து மிரட்டினார்.

கழித்தது பொருள்களை மட்டும் இல்லை. அந்தக் காலத்தில் இயற்கைக்காட்சி வரைவதற்கு ஒரு வழக்கம் உண்டு. இடது பக்கம் ஒரு பெரிய மரம், வலது பக்கம் ஒரு பாறையோ இடிந்த மண்டபமோ, நாடக மேடையின் பக்கத்திரைகள் மாதிரி. நடுவில் ஓர் ஆறோ பாதையோ வளைந்து வளைந்து உள்ளே போய் நம் கண்ணைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும். இங்கே பக்கத்திரை இல்லை, பாதை இல்லை. தொடுவானம் ஒரு விளிம்பில் வந்து மறுவிளிம்பில் போய்விடுகிறது, சட்டத்துக்கு வெளியேயும் அப்படியே போய்க்கொண்டிருக்கும் என்ற எண்ணம் வருகிறது. மணல்மேடு லேசாக முக்கோணமாக உயர்கிறது, உயரும் இடத்துக்குப் பக்கத்தில் துறவி நிற்கிறார், படம் முழுவதிலும் செங்குத்தாக நிற்பது அவர் ஒருவர்தான். அவரும் தொடுவானத்தைத் தொடவில்லை. அந்தக் கறுப்பு அங்கி கடலின் கருமைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது, வானத்துக்குள் தலை நீட்டவில்லை. இதை ஒருமுறை கவனித்துவிட்டால் அப்புறம் மறக்க முடியாது. இவ்வளவு பெரிய வானத்தைப் பார்க்கும் மனிதருக்கு அந்த வானத்தில் இடம் ஒதுக்கவில்லை.

1810 இலையுதிர்காலத்தில் படம் பெர்லின் கலைக்கழகக் கண்காட்சிக்குப் போனது. அதற்கு முன்பு செப்டம்பரில் கவிஞர் கதே டிரெஸ்டன் வந்திருந்தபோது கூடத்துக்குப் போய்ப் பார்த்திருக்கிறார், ‘திறந்த கடல்’ என்ற அளவில் நாட்குறிப்பில் ஒரு வரி. பெர்லினில் கதை வேறு. க்ளெமென்ஸ் ப்ரென்டானோ, ஆக்கிம் ஃபான் ஆர்னிம் என்ற இரண்டு எழுத்தாளர்கள் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள், படத்தின் முன்னால் வந்து நிற்கும் ஜனங்கள் என்னென்ன உளறுகிறார்கள் என்று கிண்டலாக. அதைத் தான் நடத்திவந்த நாளிதழில் போடுவதாக வாங்கிக்கொண்ட எழுத்தாளர் ஹைன்ரிக் ஃபான் க்ளைஸ்ட், உரையாடல்களைத் தூக்கியெறிந்துவிட்டு மிச்சத்தைத் தன் போக்கில் மாற்றி எழுதி அக்டோபர் 13ஆம் தேதி வெளியிட்டார். எழுதிக் கொடுத்தவர்களுக்குக் கோபம், நியாயமான கோபம்தான். ஆனால் ஓர் ஆசிரியர் அடுத்தவர் எழுத்தில் கை வைத்து அது இவ்வளவு நன்றாக வந்தது அபூர்வம்.

க்ளைஸ்ட் சொல்வது இது. உண்மையான கடற்கரையில் நின்றால் மனம் அக்கரைக்குப் போகத் துடிக்கும், போக முடியாது என்பதும் தெரியும், ஆனாலும் அலைச்சத்தத்திலும் காற்றிலும் பறவைகளின் தனித்த குரலிலும் ஏதோ ஓர் உயிர்ப்பு கேட்கும். படத்தின் முன்னால் அது நடக்கவில்லை. நானே அந்தத் துறவியாகிவிட்டேன், படம் மணல்மேடாகிவிட்டது, ஆனால் நான் ஏக்கத்தோடு பார்க்க வேண்டிய கடல்தான் அங்கே இல்லை என்கிறார். கடல் படத்தைப் பார்த்துவிட்டு கடல் இல்லை என்று ஒருவர் எழுதுகிறார்! மரணத்தின் பெரிய ராஜ்யத்தில் ஒரே ஓர் உயிர்ப்பொறி, தனித்த வட்டத்தின் தனித்த மையம், உலகத்தில் இதைவிடத் துயரமான இடம் ஒருவருக்கு வாய்க்காது என்று போகிறது எழுத்து. பிறகுதான் அந்த வாக்கியம் வருகிறது. ஒரே சீராக, கரையே இல்லாமல் விரியும் இந்தப் படத்தில் முன்பக்கம் என்று சட்டத்தைத் தவிர எதுவும் இல்லாததால், பார்க்கும்போது கண்ணிமைகளை அறுத்து எடுத்துவிட்டது போல இருக்கிறது.

கண்ணை இமை காப்பதுபோல என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். நமக்கு இமை என்றால் காவல். அந்தக் காவலை எடுத்துவிட்டால் கண் மூட முடியாது, தூங்க முடியாது, வேறு பக்கம் திரும்பிக்கொண்டாலும் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். முன்னால் நான் சொன்ன பக்கத்திரைகள், மரங்கள், பாதைகள் எல்லாமே ஒருவகையில் இமைகள்தான், பார்வைக்கு எல்லை கட்டி அதைக் காப்பவை. ஃப்ரீட்ரிக் அவற்றை எடுத்ததை க்ளைஸ்ட் உடம்பில் வலியாகவே உணர்ந்திருக்கிறார். அடுத்த ஆண்டு நவம்பரில் க்ளைஸ்ட் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அதை வைத்துக்கொண்டு இந்த வாக்கியத்தை முன்னறிவிப்பாக வாசிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் விருப்பமில்லை. நல்ல எழுத்தாளர், உற்றுப் பார்த்திருக்கிறார், அது போதும்.

இதே எச்சரிக்கை ஃப்ரீட்ரிக்கின் வாழ்க்கை விஷயத்திலும் வேண்டும். பால்டிக் கடலோரத்தில் கிரைஃப்ஸ்வால்ட் ஊரில் 1774இல் பிறந்தவர், அப்பா சோப்பும் மெழுகுவர்த்தியும் செய்தவர். ஏழு வயது நிறைவதற்குள் அம்மா போய்விட்டார். 13 வயதில், பனிக்கட்டி உடைந்து தண்ணீரில் விழுந்து தம்பி இறந்தான். இவரைக் காப்பாற்றப் போய்த்தான் அவன் மூழ்கினான் என்று சொல்வார்கள். இந்தப் படம் வரைந்துகொண்டிருந்த காலத்திலேயே ஓர் அக்காவும், பிறகு அப்பாவும் இறந்தார்கள். இவ்வளவு சாவைப் பார்த்தவர் வேறெப்படி வரைவார் என்று கேட்கத் தோன்றும். கேட்கலாம். ஆனால் அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் இப்படிச் சாவு விழாத வீடு அரிது, அத்தனை வீட்டிலிருந்தும் இப்படியொரு படம் வரவில்லை.

துறவி யார்? க்ளைஸ்ட் அவரைக் கப்பூச்சின் துறவி என்கிறார். அது கத்தோலிக்கச் சபை. ஃப்ரீட்ரிக்கோ லூத்தரன் குடும்பம், அந்தக் கடற்கரைப் பகுதி முழுவதும் புராட்டஸ்டன்ட் மண், அங்கே துறவிகள் காணாமல் போய் ரொம்ப காலம் ஆகியிருந்தது. அப்படியானால் இவர் அன்றைய மனிதரே இல்லை, முடிந்துபோன ஒரு காலத்திலிருந்து மிச்சமாக நிற்பவர். ஃப்ரீட்ரிக் அடிக்கடி போய் வரைந்த ரூகன் தீவில் ஒரு தீபகற்பத்தின் பெயரே ‘துறவிகளின் நிலம்’ என்று பொருள்படும், எல்டெனா மடத்துக்குச் சொந்தமாக இருந்த இடம். அந்த எல்டெனா மடத்தின் இடிபாடுகள் ஃப்ரீட்ரிக்கின் சொந்த ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. இதே படத்தோடு ஜோடியாக அவர் பெர்லினுக்கு அனுப்பிய ‘ஓக் காட்டில் மடம்’ படத்தில் நிற்பதும் அந்த இடிபாடுதான், அதன் வாசல் வழியாகத் துறவிகள் ஒரு சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பெட்டிக்குள் இருப்பது கடலோரத்தில் நின்றவரா? அப்படி வாசிப்பவர்கள் நிறையப் பேர். அவர் ஃப்ரீட்ரிக்கேதான், தன்னையே வரைந்துகொண்டார் என்பவர்களும் உண்டு. முகத்தை நமக்குக் காட்டாமல் நிற்பதால் யார் வேண்டுமானாலும் அந்த அங்கிக்குள் போய் நின்றுகொள்ளலாம். முதுகு காட்டும் மனிதர்கள் பிறகு ஃப்ரீட்ரிக்கின் முத்திரையாகவே ஆனார்கள், 1818 வாக்கில் வரைந்த ‘மூடுபனிக் கடலுக்கு மேல் நாடோடி’ இன்று டி-ஷர்ட்வரை வந்துவிட்டது. ஆனால் அந்த நாடோடி பாறை உச்சியில் காலை அகட்டி ஜம்மென்று நிற்கிறார், படத்தின் நடுவில், பெரிதாக. அவர் முன்னால் உலகம் விரிகிறது. துறவிக்கு அந்த மிடுக்கு இல்லை, லேசாகக் குனிந்து, கையை முகத்தருகே வைத்துக்கொண்டு நிற்கிறார்.

இரண்டு படங்களையும் பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃப்ரீட்ரிக் வில்ஹெல்ம் வாங்கினார், வாங்கச் சொன்னது 15 வயதை எட்டியிருந்த பட்டத்து இளவரசன். இதைச் சாதாரணமாகக் கலை ரசனை என்று எழுதிவிட்டுக் கடந்துவிடுவார்கள். நாட்களைப் பாருங்கள். 1806இல் நெப்போலியனிடம் பிரஷ்யா அடியோடு தோற்றிருந்தது, நாடே தலைகுனிந்து கிடந்தது. 1810 ஜூலையில், கண்காட்சிக்குச் சில வாரங்கள் முன்னால், அரசி லூயிஸ் 34 வயதில் இறந்துபோனார். அந்தப் பையனின் அம்மா. படத்தில் அவன் என்ன பார்த்தான் என்று யாரும் எழுதிவைக்கவில்லை, ஆனால் வாங்கச் சொன்னான்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய அச்சுப் பிரதிகளில் இந்தப் படம் மஞ்சள் கலந்த பழுப்பாக, ஏதோ புழுதிக்காற்று அடிப்பது போல இருக்கும், அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் ‘மங்கலான சோகம்’ என்று பத்தி பத்தியாக எழுதியதும் உண்டு. அதில் கணிசமான பங்கு பழுப்பேறிய வார்னிஷ் செய்த வேலை. பெர்லினில் படத்தைச் சுத்தம் செய்து 2016இல் மறுபடி தொங்கவிட்டபோது வானத்தில் நீலம் திரும்பி வந்திருந்தது. கீழே கனத்த மேகம், மேலே போகப் போகத் தெளிகிறது. அது விடியலா, அடங்கும் பொழுதா என்பது படத்தை மட்டும் பார்த்து முடிவாகாது. ஆனால் முன்பு நினைத்ததைவிடக் காற்று அதிகம், வெளிச்சம் அதிகம். உணர்ச்சியைப் பற்றிப் பேசும்போது வார்னிஷைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும்.

1975இல் ராபர்ட் ரோசன்பிளம் என்ற அமெரிக்கக் கலை வரலாற்றாளர் இந்தப் படத்தையும் இருபதாம் நூற்றாண்டு அரூப ஓவியர் மார்க் ராத்கோவின் வண்ணப் பட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே மரபு என்றார். பிரபலமான ஒப்பீடு. துறவியை விரலால் மூடினால் அது சரிதான், விரலை எடுத்தால் எனக்கு அவ்வளவு சரியாகப் படவில்லை.

கடைசியாக ஒன்று, வேண்டுமென்றேதான் இதுவரை சொல்லவில்லை. இந்தப் படத்துக்கும் ஃப்ரீட்ரிக் விளக்கம் எழுதியிருக்கிறார், ஒரு கடிதத்தில். கறுப்பு அங்கி அணிந்தவர் ஆழ்ந்த யோசனையோடு கரையில் நடக்கிறார், கடற்பறவைகள் பதறிக் கத்திக்கொண்டு அவரைச் சுற்றிப் பறக்கின்றன, கொந்தளிக்கும் கடலில் இறங்கிவிடாதே என்று எச்சரிப்பது போல. அதன் பிறகு ஏறக்குறைய பிரசங்கம். காலையிலிருந்து மாலைவரை, மாலையிலிருந்து நடுநிசிவரை யோசித்தாலும் மறுமையின் ஆழத்தை உன்னால் அளக்க முடியாது. பாழ்மணலில் உன் காலடிகள் ஆழமாகப் பதிந்திருக்கலாம், லேசாக ஒரு காற்று அடித்தால் உன் தடம் காணாமல் போகும், வீண் பெருமை பிடித்த மூட மனிதனே என்கிறார்.

ஆக வரைந்தவர் பார்வையில் துறவி கொஞ்சம் திமிர் பிடித்தவர், தெரிந்துகொள்ள முடியாததைத் தெரிந்துகொள்ளப் பார்ப்பவர். க்ளைஸ்ட் பார்வையில் கைவிடப்பட்டவர். க்யூகெல்கென் பார்வையில் புல்கூட முளைக்காத இடத்தில் மாட்டிக்கொண்டவர். நான் க்ளைஸ்ட் பக்கம். ஃப்ரீட்ரிக்கின் கடிதத்தில் கடல் கொந்தளிக்கிறது, படத்தில் சின்னச் சின்ன வெள்ளை நுரைகள்தான். கடிதத்தில் துறவி நடக்கிறார், படத்தில் நின்றுவிட்டார். கப்பல்களை அழித்த அதே கை, எழுத உட்கார்ந்தபோது கதையைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டது என்றே நினைக்கிறேன். காலடிகளையும் தேடிப் பார்த்தேன், திரையில் எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கி. என் கண்ணுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. அந்த வெளிறிய மணலில் அவர் எந்தப் பக்கமிருந்து நடந்து வந்தார் என்பதற்குக்கூட ஓர் அடையாளம் இல்லை.